வெந்நீர்க் குளத்தில் ஒரு விடுமுறை



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கிவிட்டால் என் வகுப்பில் பாடம் ஓடாது. "டீச்சர், நாங்க கேமரன் மலைக்குப் போறோம்" என்று ஒரு குரல் எழும். "நாங்க கெந்திங் போறோம்" என்று மறுகுரல் போட்டிக்கு வரும். அங்கே என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டால், தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி எல்லாம் பிறகுதான். "தங்குற இடத்துல நீச்சல் குளம் இருக்கு டீச்சர், சுடுதண்ணி!" என்பதே முதல் பதில். மலையின் குளிரைத் தேடிப் போகும் நாம் அங்கே போய் வெந்நீரைத் தேடுகிறோம் என்பது வேடிக்கைதான். ஆயினும் அந்த வெந்நீரைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று எனக்கு இருக்கிறது. அது என் வீட்டுச் செய்தி.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டேன். ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் தோழியர் எல்லாரும் குளத்தில் இறங்கிய நாளில், தலைவலி என்று பொய் சொல்லி விசுப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் மாணவரை நீர்வீழ்ச்சிக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்லும் பேச்சு வந்தால் முதலில் மறுப்பவள் நானே. என் பிள்ளைகள் இருவரும் முழங்கால் அளவுத் தண்ணீரைத் தாண்டியதில்லை.

காரணம் என் அண்ணன்.

நாங்கள் வளர்ந்தது பேராக் மாநிலத்தில், கிந்தா பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு தோட்டத்தில். அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு ஈயக் குட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிரம்பி நின்றது. பார்ப்பதற்கு ஏரி போல அழகாக இருக்கும். ஆனால் கரையிலிருந்து இரண்டடி வைத்தால் தரை திடீரென்று காணாமற் போகும். 1990ஆம் ஆண்டு நவம்பர் விடுமுறையில் அண்ணன் தன் நண்பர்கள் மூவருடன் அப்படியொரு குட்டைக்குப் போனான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்குப் பத்து. நால்வர் போய் மூவர் திரும்பினார்கள்.

அந்த மூன்று பையன்களும் அன்று அழுதுகொண்டே சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. "அவன் கத்தவே இல்ல. விளையாட்டுக்கு முங்குறான்னு நெனச்சோம்." என் அம்மா அதை நம்பவில்லை. கரையில் நின்ற மூவருக்கும் கேட்காமல் ஒரு பிள்ளை எப்படி மூழ்கும்? பயந்து ஓடிவிட்டு இப்போது கதை கட்டுகிறார்கள் என்றே அவர் முடிவு செய்தார். அந்தக் குடும்பங்களோடு எங்கள் வீட்டார் பேசுவது அன்றோடு நின்றுபோயிற்று. லயத்தில் அடுத்தடுத்த வீடு. அதன்பின் ஒரு நல்லது கெட்டதற்குக்கூடப் போனதில்லை. "தண்ணி பக்கம் போகாதே" என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தை நான் என் பிள்ளைகளுக்கும் போட்டேன்.

நிற்க. இனி கேமரன் மலைக்கு வருகிறேன்.

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மலையேறினோம். எழுபத்தைந்து வயதான என் அம்மாவும் உடன் வந்தார். மகிழுந்து ஏற ஏறக் கண்ணாடியில் பனி படர்ந்தது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்று மகனுக்கு விளக்கிக்கொண்டே போனேன். விடுமுறையிலும் பாடம் நடத்துகிறேன் என்று மகள் முணுமுணுத்தாள். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். ஆண்டிறுதியோ வடகிழக்குப் பருவமழைக் காலம். மாலையானால் குளிராடை இல்லாமல் வெளியே நிற்க முடியாது.

நாங்கள் தங்கிய விடுதியில் வெந்நீர்க் குளம் இருந்தது. மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. சுவரில் தொங்கிய பலகையில் அன்றைய நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் என்று எழுதியிருந்தது. குளத்தைப் பராமரிப்பவர் ஒரு தமிழர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். "எப்படிண்ணே இவ்வளவு தண்ணியையும் சூடாக்குறீங்க?" என்று கேட்டேன். மகனைப் பின்புறம் அழைத்துப் போய் இயந்திரத்தைக் காட்டினார். குளிர்சாதனக் கருவி வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா? இது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு. "சூடாக்குறது பெரிசில்ல டீச்சர், சூட்டைக் காப்பாத்துறதுதான் பெரிசு" என்றார் அவர். குளத்து நீரின் வெப்பம் பெரும்பாலும் ஆவியாதலால்தான் போய்விடுகிறது. ஆகவே இரவானதும் குளத்தின் மேல் விரிப்பைப் போர்த்திவிடுகிறார்கள். ஐந்தாம் ஆண்டு அறிவியலில் நான் நடத்தும் பாடத்தை அந்த மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

30 பாகை என்றால் நம் உடல் வெப்பமான 37 பாகையைவிடக் குறைவுதானே, பிறகு ஏன் இதமாக இருக்கிறது என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் 20 பாகைக் காற்றில் சும்மா நிற்க முடிகிற பிள்ளை, 20 பாகைத் தண்ணீரில் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி நடுங்குகிறது. தசைகள் இறுகுகின்றன. மூச்சு திக்குகிறது. அந்த நிலையில் எந்தப் பிள்ளையும் எதையும் கற்காது. போட்டிக் குளங்களில் வேகமாக நீந்துவோருக்கு 25 முதல் 28 பாகை போதும். அவர்கள் உடல் தானே சூடேறிவிடும். தத்தளித்துக்கொண்டு நிற்கும் சிறுவர்க்கு இன்னும் சற்று வெதுவெதுப்பு வேண்டும்.

மகனுக்கு ஒன்பது வயது. குளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் மட்டும் மற்றப் பிள்ளைகளோடு நீந்திக்கொண்டிருந்தன. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நீங்க இறங்கினா நானும் இறங்குறேன்" என்றான். அவன் என்னைக் கெஞ்சவில்லை. என் அச்சத்தையும் தன் ஆசையையும் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்கிறான் என்று புரிந்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் "முயன்று பார்" என்று நாள்தோறும் சொல்கிறவள் நான். அன்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து போய் விடுதிக் கடையில் நீச்சலுடை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியைக் குளத்துக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டார்.

இறங்கினேன். முதல் படியில் கால் வைத்ததும் உடல் முழுவதும் ஒரு தளர்ச்சி பரவியது. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தண்ணீர் என்றால் என் நினைவில் கருநிறமும் குளிரும்தான். இந்தத் தண்ணீர் குழந்தைக்கு ஊற்றும் பதத்தில் இருந்தது. மகனின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டேன். முகத்தை நனைக்கச் செய்தோம். மூச்சை அடக்கினோம். குமிழி விட்டோம். அரை மணி நேரத்தில் அவன் கால்களை உயர்த்தி நான்கு நொடி மிதந்தான். எனக்கோ எழுத்துக்கூட்டி முதல் சொல்லைப் படித்துவிட்ட மாணவனைப் பார்த்தது போல் இருந்தது.

அந்த மகிழ்ச்சியில்தான் தவறு நேர்ந்தது.

குளிர்ந்த குளமாக இருந்தால் பதினைந்து நிமிடத்தில் எல்லாரும் ஏறியிருப்போம். வெந்நீரில் யாருக்கும் ஏற மனம் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கடந்தது. மகன் களைத்திருந்தான். அது அவனுக்கே தெரியவில்லை. தண்ணீருக்குள் இருந்தாலும் உடல் வேர்க்கும், தாகம் எடுக்கும் என்பதை நாங்கள் நினைக்கவில்லை. மாலை இருட்டத் தொடங்கியதும் வெளியே குளிர் கூடியது. இளஞ்சூட்டு நீரின் மேல் வெண்புகைபோல ஆவி எழும்பியது. பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. என் கணவர் கரையில் நின்று அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். மகள் துவட்டிக்கொள்ளப் போயிருந்தாள். உயிர்காப்பாளர் என்று ஒருவரும் இல்லை. குளத்தின் தரை ஒரு பக்கமாகச் சரிந்து ஆழமாகிக்கொண்டே போவதைக் காட்ட ஓரத்தில் எழுதியிருந்த எண்கள் தேய்ந்து போயிருந்தன.

நான் கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிய நேரம்தான். அவன் என்னிடமிருந்து இரண்டு எட்டு தள்ளிப் போயிருந்தான். முகம் மேலே அண்ணாந்திருந்தது. வாய் நீர்மட்டத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கைகள் இரண்டும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தன. ஆவிக்கு நடுவே, விளையாடுகிறான் என்றே முதல் நொடியில் நினைத்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

மறுநொடி தாவிப் பிடித்தேன். எனக்கு அங்கே தண்ணீர் கழுத்தளவுதான். அவனுக்குத் தலைக்கு மேல். இழுத்து அணைத்துக்கொண்டு படிக்கு வந்தேன். இருமினான், தண்ணீரைத் துப்பினான், பிறகு அழுதான். அந்த அழுகை இருக்கிறதே, அதைவிட இனிய ஓசையை நான் கேட்டதில்லை. எல்லாம் பத்து நொடிக்குள் முடிந்துவிட்டது. என் கணவர் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் படியில் உட்கார்ந்திருந்தோம். "என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஏழெட்டு மீட்டர் தூரத்தில் நின்றவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் ஈரத்தைத் துடைத்துச் சூடாக மைலோ கலக்கிக் கொடுத்தோம். தண்ணீரைவிட்டு ஏறியபின்தான் மலைக்குளிர் தன் வேலையைக் காட்டும். உடலில் ஒட்டிய நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது அல்லவா? அவன் மூச்சு சீராக இருக்கிறதா, இருமல் தொடர்கிறதா என்று இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ சோர்வோ இருந்திருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடியிருப்போம். நல்லவேளையாக அப்படி ஒன்றும் நேரவில்லை.

பிள்ளைகள் உறங்கியபின் அம்மா கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லிய குரலில் சொன்னார்:

"நான் கண்ண எடுக்காம பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கும் வெளையாடுற மாதிரிதான் தெரிஞ்சுச்சு. அந்தப் பையனுங்க பொய் சொல்லலடி."

முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு தாய் சுமந்த கோபம், அந்த ஒரு வரியில் இறங்கியது. அதற்குப் பதிலாக வேறொரு பாரம் ஏறியிருக்கும் என்றும் எனக்குத் தெரியும். அந்த மூவரும் அப்போது பிள்ளைகள்தானே. பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இருந்த ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்?

அதன்பின் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நீரில் மூழ்குபவர் திரைப்படத்தில் வருவது போலக் கையை ஆட்டி "காப்பாற்றுங்கள்" என்று கத்துவது அரிது. கத்துவதற்கு மூச்சு வேண்டும். மூழ்கும்போது மூச்சை இழுப்பதற்கே வாய்க்கு நேரம் போதாது. கையை உயர்த்தவும் முடியாது, அது தன்னிச்சையாகத் தண்ணீரை அழுத்தும். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்றுத்தர வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரைகளுள் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபை 2021இல் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. நம் பள்ளிச் சபைகூடலில் எத்தனையோ நாள்களைக் கொண்டாடுகிறோம். இந்த நாளுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

நான் இங்கு சொல்ல வருவது, வெந்நீர்க் குளத்துக்குப் போகாதீர்கள் என்பதன்று. அந்தச் சட்டத்தை எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை போட்டுப் பார்த்துவிட்டோம். அது பிள்ளையைக் காக்கவில்லை. நீந்தத் தெரியாத தாயையும் நீந்தத் தெரியாத மகனையும்தான் உருவாக்கிற்று. குளிர்ந்த நீர் ஒரு கண்டிப்பான காவலர். போதும், ஏறு என்று பத்து நிமிடத்தில் விரட்டிவிடும். வெந்நீரில் அந்தக் காவலர் இல்லை. அந்தப் பொறுப்பு பெற்றோராகிய நம்மிடம் வந்துவிடுகிறது. இதை மறந்ததுதான் நான் செய்த பிழை.

ஆகவே விடுமுறைக்குப் புறப்படும் பெற்றோர்களே, சிலவற்றை மட்டும் நினைவில் வையுங்கள். குளத்தில் இறங்குமுன் ஆழம் எங்கே கூடுகிறது என்று நீங்களே நடந்து பாருங்கள். நீந்தத் தெரியாத பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது. காற்றடைத்த மிதவை வளையம் விளையாட்டுப் பொருளே தவிர பாதுகாப்புக் கருவி ஆகாது. பெரியவர்களுள் ஒருவர் முறை வைத்துக்கொண்டு கைப்பேசியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை பிள்ளைகளை ஏறச் சொல்லித் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஆவி எழும்பிக் கண்ணை மறைத்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் சூட்டுத் தொட்டியின் நீர் 40 பாகை வரை இருக்கலாம், அதில் சிறு குழந்தைகளை இறக்காதீர்கள். இறங்குமுன் அனைவரும் உடலைக் கழுவிக்கொள்ளுங்கள். குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை தூய்மையின் அடையாளம் என்று பலர் எண்ணுகிறோம். வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலப்பதால் எழும் வாடை அது.

மறுநாள் காலையில் மகன் குளத்தின் பக்கமே வரமாட்டான் என்று நினைத்தேன். காலையுணவு முடிந்ததும் நீச்சலுடையோடு வந்து நின்றான். "நேத்து நாலு செகண்டு மிதந்தேன், இன்னைக்குப் பத்து" என்றான். என் நெஞ்சு படபடத்தது. ஆனால் இம்முறை என் கணவரும் இறங்கினார். கைப்பேசி அறையிலேயே இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை ஏறுவது என்று மகள் கடிகாரத்தோடு கரையில் காவலிருந்தாள். மகன் பத்து நொடி மிதக்கவில்லை. ஏழு நொடி மிதந்தான்.

அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து வந்து குளத்தோரம் உட்கார்ந்தார். சேலையை முழங்கால் வரை ஒதுக்கிக்கொண்டு இரு பாதங்களையும் தண்ணீரில் விட்டார். "வெதுவெதுன்னு இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏறும் நேரம் வரும்வரை காலை எடுக்கவும் இல்லை.

ஈப்போ திரும்பியதும் சனிக்கிழமை நீச்சல் வகுப்பில் பெயர் பதிந்தோம். மகன், மகள், நான் என்று மூவர். என் வகுப்பில் என்னைவிட மூத்தவர் யாரும் இல்லை. முகத்தை நனைக்க இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டிய வீடுகளின் பட்டியலில் அம்மா இவ்வாண்டு மூன்று பெயர்களைச் சேர்த்திருக்கிறார். அவர்கள் இப்போது எங்கெங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இருவர் முகவரி கிடைத்துவிட்டது.

விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழித்துவிட்டு வாருங்கள். பள்ளி திறந்ததும் உங்கள் பிள்ளை எத்தனை நொடி மிதந்தான் என்று என்னிடம் வந்து சொல்லட்டும். கேட்கக் காத்திருக்கிறேன்.